இறந்த ஆண்டு

பிரபுவுக்குக் காலிக் கட்டத்தைக் கண்டாலே ஆகாது. காவிரி டெல்டாவின் பழைய புகைப்படங்கள் இரண்டு லட்சத்தை, யாரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றும் வேலை தஞ்சாவூரில் அவன் தலைமையில் நடந்தது. படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் 'இருக்கிறார்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இல்லையென்றால் இறந்த ஆண்டைப் போட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் படம் ஏறாது.

'தெரியாது' என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் வேண்டும் என்று மேகலா தொண்டை வற்றக் கத்திப் பார்த்தாள். திரையை வடிவமைத்தவள் அவள்தான், ஆனால் முடிவெடுப்பவன் அவன். தெரியாததைக் காட்டவா இவ்வளவு செலவு என்று எல்லோர் முன்னாலும் அவளை நையாண்டி செய்தான். அன்றிலிருந்து அவன் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் கோடியக்கரையிலிருந்து அனுசுயா வந்தாள். அவள் புருஷன் வீரமணி மூன்று வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவன். உடைந்த படகு கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. தாலியைக் கழற்றச் சொல்லி வந்த சொந்தக்காரர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது கொழுந்தன், வீரமணி இளவயதில் படகோடு நிற்கும் படத்தை இவர்களுடைய தளத்தில் தேடிக் கைபேசியில் எடுத்து, அதன் கீழே இறந்த ஆண்டு இருப்பதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டான். படித்தவர்களே போட்டுவிட்டார்கள், இனி என்ன யோசனை என்று கருமாதிக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த ஆண்டை எடுத்துவிடுங்கள் என்றாள் அனுசுயா. பிரபு நாற்காலியில் சாய்ந்தபடியே, "அப்ப இருக்காருன்னு மாத்திடட்டுமா?" என்று கேட்டான். நக்கலாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று மேகலாவுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது.



"அப்புடி எப்புடிங்க சொல்றது," என்றாள் அனுசுயா. "தெரியலன்னு போடுங்க. அதான உண்மை."

அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தேடலில் படம் வராது என்று பிரபு விளக்கினான். "ரெண்டுல ஒண்ணு இல்லன்னா யார் தேடுனாலும் அவர் கெடைக்க மாட்டாரும்மா."

"கெடைக்காட்டிப் போவட்டும். நாங்களும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

மேகலா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டில் ஒன்று கட்டாயம் என்ற விதியை முதலில் நீக்கினாள். யாரைக் கேட்டுச் செய்கிறாய், இன்றோடு உனக்கு இங்கே வேலையில்லை என்று பிரபு கத்தினான். அவள் திரும்பிப் பார்க்காமல் வீரமணியின் ஆண்டை அழித்தாள். காலியான அந்தக் கட்டத்தை அனுசுயா தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள், கொழுந்தன் முகத்துக்கு நேரே காட்டுவதற்கு.