ஆற்றுப் பக்கம் பார்த்து ஓடியவன்

எல்லோரும் கையசைத்துக்கொண்டுதான் போனார்கள். அந்த ஓட்டத்தின் வழக்கமே அதுதான். சிவப்புச் சட்டையும் சிவப்புக் கால்சட்டையும் காதில் மாட்டிய பஞ்சுத் தாடியுமாக, கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் பாதிப் பேர் டே ஆற்றங்கரையில் திரளும் டிசம்பர் ஞாயிறு அது. குழந்தைகளின் இதய வார்டுக்கு நிதி திரட்டும் ஓட்டம். கரையோரப் பாதையைச் சின்னச் சாலை ஒன்று குறுக்கே வெட்டும் இடத்தில், மஞ்சள் மேலாடை போட்டுக்கொண்டு இஷ்பெல் நின்றிருந்தாள். கார் வந்தால் நிறுத்த வேண்டும், ஓடுகிறவர்களைப் பார்த்துக் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பல் மருத்துவர் ஒருவரின் முன்னறையில் நாளெல்லாம் போனை எடுத்துப் பேசுகிறவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. யாரும் வலியைப் பற்றிப் பேசவில்லை. ஆற்றிலிருந்து வீசிய காற்று தாடிகளைத் தூக்கித் தூக்கி அடித்தது. தாடிக்கு அடியில் எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. மகள் மெய்ரியும் அப்படித்தான் போனாள். ஒன்பது வயது, ஒல்லிக் கால்கள், தொளதொளத்த சிவப்புச் சட்டை. வகுப்புப் பிள்ளைகளோடு கடந்தபோது, "அம்மா, கை தட்டு, சத்தமா!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு ஒரு கும்பல் வந்தது. அதில் ஒருவன் மட்டும் கையசைக்கவில்லை. இஷ்பெல்லுக்கு நேரே வந்ததும் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

முகத்தைத் திருப்பலாம், கையை என்ன செய்ய முடியும்? இடது கை முழங்கையில் மடங்கியபடியே வயிற்றோடு ஒட்டியிருந்தது. வலது கை மட்டும் முன்னும் பின்னும் வீசியது. சாரத்திலிருந்து விழுந்து உடைந்த முழங்கை அது. உடைந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான். ஆறு வாரம் அந்தக் கைக்குச் சட்டை மாட்டிவிட்டவளும் அவள்தான்.

"ரோரி" என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

பக்கத்தில் நின்ற செங்கா திரும்பினாள். செங்கா மீன் பொரித்து விற்கும் கடைக்காரி. எந்த ரகசியத்தையும் ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவள். "என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

"ரோரி போறான். இப்பப் போனானே, அவன்."

"எவன்டி? எல்லாவனும் ஒரே மாதிரிதான இருக்கான்!"

இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். ராட்டின வரிசையில் நின்ற மெய்ரியை, இஷ்பெல்லிடம் சொல்லாமல், ரோரி அழைத்துக்கொண்டு போனான். வாத்தியாரம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனான். அப்பாதானே என்று அவளும் அனுப்பிவிட்டாள். வடக்கே பனியில் காரை ஓட்டிக்கொண்டே போயிருக்கிறான். போனை அணைத்து வைத்திருந்தான். மறுநாள் மாலையில்தான் போலீஸ் கண்டுபிடித்தது. கோடையில் மட்டும் ஆட்கள் வந்து தங்குகிற, மூடிக்கிடந்த இடத்தில், சக்கரம் வைத்த ஒரு வண்டிவீடு. உள்ளே கணப்பு அணைந்துபோயிருந்தது. அவன் குடித்துவிட்டுக் கிடந்தான். மெய்ரி தன்னிடம் இருந்த ஒரே கம்பளியை அவன்மேல் போர்த்திவிட்டு, கோட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்த போலீஸ்காரரிடம், "அப்பா தூங்கறாரு, மெதுவாப் பேசுங்க" என்றாளாம். உதடு நீலம் பாரித்திருந்தது என்று அந்த ஆள் பிறகு சொன்னபோது இஷ்பெல் அவர் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குழந்தையின் அருகில் வரக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. மீறினால் சிறை. தடை இன்னும் முடியவில்லை.

இஷ்பெல் தன்னிடமிருந்த வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினாள். ஓட்டத்தை நடத்தும் ராட்ரே மறுமுனையில் உற்சாகமாக, "சொல்லு தாயே" என்றார்.

"ஒரு ஆள உடனே நிறுத்தணும். ரயில் பாலத்துப் பக்கம் போறான்."

"ஆள் எப்படி இருப்பான்?"

வாய் திறந்தவள் அப்படியே நின்றாள். "சிவப்புச் சட்டை... வெள்ளைத் தாடி..."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "நக்கலா இஷ்பெல்? காலையிலேயே சூடா ஒயின் ஊத்திக்கிட்டியா?"

அவள் வாக்கி-டாக்கியைச் செங்காவின் கையில் திணித்தாள். "ரோட்டப் பாத்துக்க."

"ஏய், நான் ஒருத்தியா எப்படிடி..." என்று செங்கா கத்தியது காற்றில் பின்னால் போயிற்று.

அவள் ஓடிப் பல வருடமாகிறது. குளிர்காற்று நெஞ்சுக்குள் கத்தி போல இறங்கியது. முன்னால் முதுகுகள். எங்கே பார்த்தாலும் அதே சிவப்பு, அதே குல்லா. ஒரு முதுகைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள், யாரோ கிழவர். இன்னொரு முதுகு, ஒரு பெண். "மெதுவாப் போ கண்ணு, பரிசு ஒண்ணும் கிடையாது!" என்று யாரோ சிரித்தார்கள். எதிர்ப்புறம் பாலத்தடியில் திரும்பியவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு இடது கையையும் பார்த்துக்கொண்டு ஓடினாள். எல்லாக் கையும் வீசிக்கொண்டு வந்தது. நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ? குளிருக்குக் கையை ஒடுக்கிக்கொண்டு ஓடிய யாரோவாக இருக்கலாம். பயந்தவள் கண்ணுக்கு எல்லாமே அவனாகத் தெரியும். இந்த இரண்டு வருடத்தில் பேருந்து நிறுத்தத்தில், மாவு வாங்கும் கடையில், எத்தனை முறை அவன் முதுகைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூட அது அவனாக இருந்ததில்லை.

வாத்தியாரம்மா கின்னேர் பிள்ளைகளோடு எதிரே வந்தாள். குல்லாக்கள் கோணலாகி, எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மெய்ரி இல்லை.

"மெய்ரி எங்க?"

"இங்கதான..." கின்னேர் திரும்பிப் பார்த்தாள். முகம் மாறியது. "ஷூ லேஸ் அவுந்துருச்சு, கட்டிட்டு வரேன்னா. பின்னாடிதான் வராளாக்கும்னு..."

இஷ்பெல் முழுதும் கேட்கவில்லை. சாலைப் பக்கம் கார்கள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு கதவு திறந்து மூட எவ்வளவு நேரமாகும்? கண் ஒவ்வொரு காராகத் தடவிக்கொண்டு போயிற்று. ஒரு வெள்ளை வண்டி புகைவிட்டுக்கொண்டு நின்றது. அதன் கண்ணாடியில் கையை வைத்து எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு அம்மா கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பயந்து துணியை இழுத்து மூடினாள்.

ரயில் பாலத்தின் கால்கள் ஆற்றுக்குள் இறங்கும் இடத்தில், பாதையோரச் சுவரை ஒட்டி, மெய்ரி நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா மண்டியிட்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. இரண்டு கையும் குழந்தையின் தோளில் இருந்தன. மெய்ரி அழுதுகொண்டிருந்தாள்.

என்ன செய்தோம் என்பது பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பாய்ந்து அந்தக் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் மல்லாந்து விழுந்தான். மேலே கவிழ்ந்து தாடியைப் பிடுங்கினாள். காது மாட்டி அறுந்து கையோடு வந்தது. "என் பிள்ளையத் தொடுவியா? தொடுவியாடா?"

அறுபத்தைந்து வயது முகம் ஒன்று அவளைப் பார்த்து விழித்தது. மூக்கில் கண்ணாடி நெளிந்து தொங்கியது. ஒரு பக்க வில்லை தரையில் நொறுங்கிக் கிடந்தது.

"அம்மா! விடும்மா! அவர விடு!" மெய்ரி அவள் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சிவப்பாக ஒரு வட்டம் சூழ்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. கிழவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். இஷ்பெல்லின் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே, தாயி" என்றார்.

"மன்னிச்சுக்குங்க. நான்... வேற யாரோன்னு..."

"அது தெரியுது. பிள்ள தனியா நின்னு அழுதுச்சு. யாரும் நிக்கல. அதான்." கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வீட்டுல இன்னொண்ணு இருக்கு. அத வச்சு ஓட்டிக்கலாம். உன் பிள்ளையப் பாரு மொதல்ல." அவர் பெயர் டூகல் என்று பிறகு தெரிந்தது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவர் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தும் மறுத்துவிட்டு, தாடியில்லாமல், வெறும் முகத்தோடு மெல்ல ஓடிப்போனார். வட்டம் கலைந்தது. போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

இஷ்பெல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மெய்ரியை மடிக்குள் இழுத்தாள். குழந்தை விறைப்பாக வந்தாள்.

"அப்பான்னு நெனச்சியா?"

இஷ்பெல் அவள் குல்லாவை நேராக்கினாள்.

"அப்பா போயிட்டாரு" என்றாள் மெய்ரி. "நான்தான் போகச் சொன்னேன்."

மேலே ரயில் ஒன்று பாலத்தில் ஏறியது. அது தடதடத்துக் கடந்து போயிற்று.

"எனக்குப் பின்னாடியே வந்தாரு. மூச்சு விட்ட சத்தத்துலயே தெரிஞ்சுது. நான் திரும்பவே இல்லம்மா. நெஜமா. போலீஸ் பாத்தா உள்ள வச்சிருவாங்கன்னு நீதான சொன்ன? அதான், போயிடுங்கன்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'நல்லா ஓடறடா'ன்னாரு. அப்புறம் சத்தம் நின்னுருச்சு."

இஷ்பெல்லுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கேட்கக்கூடாது என்றும் தெரிந்தது. கேட்டுவிட்டாள். "குடிச்சிருந்தானா? வாசனை வந்துச்சா?"

மெய்ரி மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். "காத்து அந்தப் பக்கமா அடிச்சுதும்மா."

அந்தக் கண்களை இஷ்பெல் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பிள்ளை எப்போது இப்படிப் பேசக் கற்றுக்கொண்டது? அன்றைக்கு அந்த வண்டிவீட்டு மூலையிலா, அதற்கும் முன்னால், சமையலறையில் தட்டுகள் உடைந்த நாட்களிலா? கம்பளியை ஒருவர்மேல் போர்த்தினால் இன்னொருவர் குளிரில் கிடக்க வேண்டும் என்ற கணக்கு அவளுக்கு எல்லோரையும்விட முன்னதாகத் தெரிந்திருக்கிறது.

போலீஸ்காரி ஒருத்தி வேகமாக நடந்து வந்தாள். இளம் பெண். தொப்பியில் யாரோ ஜரிகைத்தாள் நட்சத்திரம் ஒன்றைச் செருகிவிட்டிருந்தார்கள். அதை அவள் எடுக்க மறந்திருந்தாள்.

"இங்க ஏதோ தகராறுன்னாங்க. நீங்கதான் ரேடியோல யாரையோ பிடிக்கச் சொன்னதா?"

"ஆமா."

"யாரு அது?"

மெய்ரி குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். பிறகு மறுபடி கட்டினாள். முடிச்சு நன்றாகத்தான் விழுந்திருந்தது. மறுபடி அவிழ்த்தாள்.

பெயரைச் சொன்னால் போதும். வண்டிகள் கிளம்பும், அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கிறிஸ்துமஸ் அவனுக்குச் சிறைக்குள்ளேதான். குழந்தை பாதுகாப்பாக இருக்கும். தானே அவனைப் பிடித்துக்கொடுத்ததாகக் குழந்தை நினைத்துக்கொண்டும் இருக்கும். சொல்லாவிட்டால் அடுத்த தடவை அவன் இன்னும் ஓரடி நெருங்கி வருவான். அடுத்த தடவை அவன் தாடி மாட்டாமலும் வரலாம். இரண்டும் நிஜம். எது பெரிது என்று யோசிக்கக்கூட அந்தப் பெண் நேரம் தரவில்லை. பேனாவை எடுத்துவிட்டாள்.

"கூட்டத்துல பிள்ளையக் காணோம்னு மெரண்டுட்டேன்" என்றாள் இஷ்பெல். "வேற ஒண்ணுமில்ல. அந்தப் பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

போலீஸ்காரி ஒரு கணம் குழந்தையையே பார்த்தாள். பிறகு ஒரு அட்டையில் எண்ணைக் குறித்து இஷ்பெல்லிடம் கொடுத்தாள். "எப்ப ஞாபகம் வந்தாலும் கூப்பிடுங்க. இன்னைக்கு முழுக்க நான் டூட்டிதான்." அட்டையை இஷ்பெல் கையுறைக்குள் செருகிக்கொண்டாள். அதன் விளிம்பு உள்ளங்கையை உறுத்திக்கொண்டே இருந்தது.

இருவரும் நடந்தே திரும்பினார்கள். குறுக்குச் சாலையில் செங்கா கையை விரித்து நின்று ஒரு பால் வண்டியை மறித்து ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் வாயை மூடினாள். பெரிதாக மூச்சுவிட்டாள். "வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்ற, ஆமா" என்று மட்டும் சொன்னாள்.

புல்வெளியில் பித்தளை வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருந்தன. ஓடி முடித்தவர்களுக்குக் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள், காகிதக் கோப்பையில் பருப்புச் சூப் கொடுத்தார்கள். குடிப்பதற்காக ஒவ்வொருவராகத் தாடியை இறக்கினார்கள். தாடிகளுக்கு அடியிலிருந்து வியர்த்த, சிவந்த, தெரிந்த முகங்கள் வந்துகொண்டே இருந்தன. தபால்காரர் முகம், பக்கத்து வீட்டு முகம், வங்கியில் உட்கார்கிறவள் முகம். இஷ்பெல் ஒவ்வொன்றையும் பார்த்தாள். மெய்ரியும் பார்த்தாள். வாத்தியக்காரர்களைப் பார்த்தாள், சூப் மேசையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், தன் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் அவள் தலை திரும்பவே இல்லை.

இஷ்பெல் அந்தப் பக்கம் திரும்பினாள். ஆற்றோரம் இரும்பு வேலி. அதன்மேல் ஒரு சிவப்புச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து பஞ்சுத் தாடி பாதி வெளியே வந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. காற்று உள்ளே புகுந்து ஒரு கையை மட்டும் உப்பவைத்தது, தளரவிட்டது, மறுபடி உப்பவைத்தது.

"சூப் ஆறுதும்மா" என்றாள் மெய்ரி, திரும்பாமலே.