உப்புப் பார்க்காத படையல்

1.
இக்கதை கோபத்தில் பிறந்தது. ஜேர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானச் சோற்றைப் பிசைந்தபடி ஒருவர் தீர்ப்புரைத்தார்: "கொரியாக்காரரைப் பாருங்கோ. கன்பூசியஸ் வழியிலை வந்த சனம். ஆம்பிளையும் ஆம்பிளையும் எண்ட கூத்து அங்கை இல்லை." பக்கத்திலிருந்த சுகன்யாதேவி தலையாட்டினார். அவருடைய மகன் சேயோன் மின்ஜூன் என்னும் கொரியனோடு குடித்தனம் நடத்துவதைப் பந்தியே அறியும். பந்தி முழுவதும் அப்போது— [இவ்வாக்கியத்தை முடித்தால் வசையாகும். விடுகிறேன்.]

2.
முதல் தொடக்கம்: 'கன்பூசியஸ் என்னும் பேரறிஞர்...' அடித்துவிட்டேன். ஆண்களின் காதலைக் கண்டித்து அவர் ஒரு வரி சொன்னதாகவும் நான் வாசித்ததில்லை. வம்சம் அறுந்தால் முன்னோருக்குப் படைக்க ஆளிராது என்னும் அச்சமே அவர் பெயரால் வீடுகளை ஆள்கிறது.

இரண்டாம் தொடக்கம்: வுப்பர்டாலில், மின்ஜூனின் தாய்வீட்டுக் குசினியில், சேயோன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

இது நிற்கட்டும்.

3.
அன்று மின்ஜூனின் தகப்பனாருக்கு ஆண்டு நினைவுப் படையல். மூத்த மகன் மது வார்த்து வணங்க வேண்டும். சமையல் அவன் மனைவியின் கடமை. மின்ஜூனுக்கு மனைவி இல்லை, சேயோன் இருக்கிறான். ஆகவே சேயோன் சமைத்தான். மிளகாயும் உள்ளியும் படையலுக்கு ஆகா என்றார்கள். யாழ்ப்பாணத்துக் கை மிளகாய்த்தூள்வரை போய்த் திரும்பியது. உப்புப் பார்க்கவில்லை, படைக்குமுன் வாயில் வைக்கலாகாதென்று அவனுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

உறவினர் வந்ததும் மின்ஜூனின் தாயார் சேயோனைக் குசினிக்குள்ளேயே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மின்ஜூன் உறவினரின் மேலங்கிகளை வாங்கி மாட்டினான்.

சேயோன் தன் தாயைத் தொலைபேசியில் அழைத்தான்.

"குசினிக்கை நிண்டா என்ன குறைஞ்சு போச்சு, தம்பி? நானும் கோயிலிலை அவனை உன்ரை அறைத்தோழன் எண்டுதானே சொல்லுறனான்."

"ஓமம்மா. நீங்களும் மின்ஜூன்ரை அம்மாவும் சம்பந்தம் செய்யலாம். நல்ல பொருத்தம்."

[இந்தத் தாயைச் சற்று நல்லவராக்க முயன்றேன். அவர் இடங்கொடுக்கவில்லை.]

4.
வணக்கம் முடிந்து எல்லோரும் உண்ண அமர்ந்தார்கள். மீனைச் சுவைத்த மின்ஜூனின் சிற்றப்பா, இது அண்ணியின் கைப்பக்குவமன்று, சமைத்தவர் யார் என்று வினவினார்.

கடையில் வாங்கியது என்றார் தாயார்.

கதவுக்கு இப்பால் சேயோனுக்கு அது நன்றாகக் கேட்டது. மின்ஜூன் வாய் திறப்பானென்று காத்திருந்தான்.

முதல் முடிவு: மின்ஜூன் எழுந்து கதவைத் திறக்கிறான். அத்துணிவு அவனுக்கு உண்டென எழுத என்னிடம் சான்றில்லை.

இரண்டாம் முடிவு: சேயோன் பின்வாசலால் வெளியேறி, திரும்பி வராமலே... எழுதமாட்டேன். அன்னதானப் பந்தியில் தீர்ப்புரைத்தவருக்கு அந்த மகிழ்ச்சியை நான் அளிப்பதற்கில்லை.

வாசகரே, உங்களையும் அம்மேசையில் அமர்த்தியிருக்கிறேன். அவன் பொரித்த மீன் உங்கள் வாயிலும் இருக்கிறது. கதவுக்கு மிக அருகில் இருப்பவர் நீங்கள்.