தறிக்குழிக் குட்டிகள்

நான் நினைவில் வைத்திருப்பது சரிதானா என்று எனக்கே சந்தேகம்தான். குட்டிகள் மூன்றா, நான்கா என்பதில்கூட மனம் தடுமாறுகிறது. அந்த ஐப்பசியில் மேலப்பாளையத்தில் மழை விடவேயில்லை. நூல் காயாமல் தறிகள் சும்மா கிடந்தன.

என் அண்ணன் நூகு கால் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழியும் காலியாக இருந்தது. அதில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. குட்டிகளுக்குப் பல் முளைத்தும் மழை விடவில்லை.

"மழை விட்டதும் தறி பூட்டணும்லே. அதுக்குள்ள எவனும் கொண்டுபோகலன்னா சாக்குல கட்டி ஆத்துல விட்டுருவேன்" என்றார் அண்ணன்.

என் மனைவி கமர் நிஷாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கருப்பட்டி விற்க வரும் ராதாபுரத்து ஞானையாவிடம் குட்டிகள் வேண்டுமா என்று கேட்டாள். அவருக்கு ஆட்டுக்கிடைக்கு நாய் தேவைப்பட்டது. குழிக்குள் கையை நீட்டினார். குட்டிகள் மூலையில் ஒடுங்கின. கறுப்புக் குட்டி மட்டும் விரலில் பல்லைப் பதித்தது.

"மனுசக் கை படாம வளருது தாயி. நாளைக்கு ஆட்டையும் கடிக்கும். கைக்கு வந்தா அடுத்த நடைக்கு எடுத்துக்கிடுதேன்."

எங்கள் மார்க்கப்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். கமர் நிஷா தாய் நாய்க்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, தினமும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். குட்டிகள் வந்து நக்கும்வரை கையை நீட்டியபடி இருப்பாள். பிறகு கழுவுவாள். விரல்கள் வெடித்து, நெசவு நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றும்போது வெடிப்பில் நூல் சிக்கியது. அந்த வேலையும் என்னிடம் வந்தது.

"நாயைத் தொட்ட கையால நமக்குச் சோறு போடுதா பாரு" என்றார் அண்ணன்.

"அவங்க வாயை எத்தனை தடவ கழுவுறதாம்?" என்று கமர் நிஷா என் காதருகே முணுமுணுத்தாள்.

கடிக்கிற கறுப்பனைத் தனியாகப் போடச் சொன்னேன்.

"தனியாப் போட்டா யாருகிட்டப் படிப்பான்? அவன் கடிச்சா மத்ததெல்லாம் கத்திட்டு விலகிப் போகுது. வெளையாட ஆளில்லாம உக்காந்திருக்கான். பாருங்க, இப்ப மெதுவாக் கவ்வுதான்."

மழை விட்டது. அண்ணன் சாக்கை எடுத்து வைத்த அன்றே ஞானையாவும் வந்தார். கறுப்பன் அவர் விரலைக் கவ்வி, அழுத்தாமல் விட்டான்.

"ஆட்டுக்குட்டியக் கவ்வுனாலும் தடம் விழாது வே!" என்று சிரித்தார்.

கறுப்பனையும் இன்னொன்றையும் அவர் கொண்டுபோனார். மூன்றாவது பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போனது. ஆம், நான்குதான். கடைசிக் குட்டி யார் கைக்கும் வரவில்லை. அண்ணன் சொன்னதைச் செய்தார். தாய் நாய் சில நாள் குழியோரம் நின்றுவிட்டு எங்கோ போய்விட்டது. அண்ணன் பின்னால் கொழும்புக்குப் போய் அங்கேயே மௌத்தாகி அடக்கமானார். கறுப்பன் கிழடாகி ராதாபுரத்தில் செத்தான். கமர் நிஷாவின் விரல்கள் ஆறின. ஆனால் அந்தத் தறிக்குத் தார் சுற்ற அவள் திரும்ப உட்காரவில்லை. நான்தான் சுற்றினேன்.