நனையாத ஒரே மேசை

ஹனோயில் எங்கள் சந்து முனையில் இருப்பது லோவானின் பீர் கடை. காலையில் பீப்பாய் வந்து இறங்கும். அன்றைய பீர் அன்றைக்கே தீர வேண்டும். மறுநாள் வாயில் வைக்க முடியாது. குவளைகளைக் கழுவிக் கவிழ்ப்பது, நுரை வழியாமல் பிடிப்பது, வேர்க்கடலை அவிப்பது எல்லாம் அவள்தான். யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வதும் அவள் வேலையே.

கியெம், அவர் தம்பி தாக் இருவரும் அப்படிப்பட்டவர்கள். அப்பாவின் திவசத்தை யார் வீட்டில் வைப்பது என்று சண்டை வந்து, ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் விருந்து நடந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு இடத்திலும் கூச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. கடையில் ஒருவர் வாசலோரம், மற்றவர் பீப்பாயோரம்.

அன்று மதியம் நல்ல மழை. கூரைத் தார்ப்பாய் ஒழுகி, ஒரு மேசைதான் நனையாமல் இருந்தது. லோவான் வேறு வழியில்லாமல் இருவரையும் அங்கே உட்கார வைத்தாள். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"லோவான், கடலைத் தட்ட இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா அந்தாள" என்றார் கியெம்.

"அவருக்குக் கை இல்லையாமா? கேட்டுச் சொல்லு" என்றார் தாக்.

"நான் பீர் ஊத்தவா, உங்களுக்குத் தூது போகவா? பீப்பாய் வேற மாத்தணும்" என்று லோவான் புதுப் பீப்பாய்க்குக் குழாய் மாட்டக் குனிந்தாள்.

அவள் தலைக்கு மேல் தார்ப்பாய் தண்ணீர் தேங்கித் தொங்கியது. தாக்தான் பார்த்தார். மூங்கில் கழியை எடுத்துத் தள்ளினார், அசையவில்லை.

"அண்ணே, அந்த மூலையத் தூக்கு!"

கியெம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். இருவரும் சேர்ந்து தூக்க, மொத்தத் தண்ணீரும் கியெம் தலையில் கொட்டியது.

"வேணும்னுதானேடா பண்ண?"

"சத்தியமா இல்லண்ணே. ஆனா பாக்க நல்லாருந்துச்சு."

கியெமுக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வந்தது. "அப்பா இருந்திருந்தா உன் முதுகுல ரெண்டு வச்சிருப்பாரு."

"உனக்கும்தான். ரெண்டு விருந்து வச்சோமே!"

லோவான் ஒரு துண்டும் இரண்டு குவளை பீரும் கொண்டுவந்து வைத்தாள். மழை விடுவதற்குள் அடுத்த திவசம் அண்ணன் வீட்டில், சமையல் தம்பி மனைவி என்று முடிவாகிவிட்டது.

மறுநாள் நல்ல வெயில். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, விருந்துக்கு வாத்தா கோழியா என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள்.

குவளை கழுவிக்கொண்டிருந்த லோவான் நிமிர்ந்து, "கொஞ்சம் மெதுவா. மத்தவங்களும் குடிக்கணும்ல?" என்றாள்.