மீட்டர் பெட்டியில் ஒரு லென்ஸ்

1999இல் இணைய ஏலத்தில் முகம் தெரியாதவரிடம் பொருள் வாங்குவதற்கு இருந்த ஒரே தைரியம், முன்பு அவரிடம் வாங்கியவர்கள் அங்கே எழுதிவைத்த கருத்துகள்தான். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாது. அடையாறு தயாளனுக்கு அதுவரை ஒரு கருத்தும் இல்லை. பழைய கேமரா லென்ஸ் ஒன்றுதான் அவருடைய முதல் விற்பனை. அதை வாங்கிய மயிலாப்பூர் கோதண்டராமனோ, "பொருள் வரவில்லை. இன்று மாலை மோசடி என்று எழுதப்போகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

பதிவுத் தபாலில் ஒரு வசதி உண்டு. பார்சலை வாங்கியவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை, அனுப்பியவருக்கே திரும்பி வரும். தயாளன் அந்த அட்டையோடு பஸ் ஏறி, மயிலாப்பூர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இது யார் கையெழுத்து, சார்?"

கோதண்டராமன் அட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"என்னோடதுதான்" என்றாள் காமாக்ஷி. "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. ராகு காலத்துல புதுசா ஒண்ணை ஆத்துக்குள்ள எப்படிக் கொண்டு வரது? பன்னண்டுக்கு மேல எடுத்துக்கலாம்னு மாடிப்படிக்குக் கீழ மீட்டர் பெட்டிக்குள்ள வெச்சேன். அப்படியே மறந்துட்டேன்."

பார்சல் அங்கேயே இருந்தது. படியிலேயே பிரித்துப் பார்த்தார்கள். லென்ஸில் கீறல்கூட இல்லை.

"மன்னிச்சுக்கோங்கோ. இப்பவே உங்களைப் பத்தி நல்லபடியா எழுதிடறேன்" என்று கோதண்டராமன் கம்ப்யூட்டரை நோக்கி நகர்ந்தார்.

"இன்னிக்குப் புதன், மணி பன்னண்டேகால்" என்றாள் காமாக்ஷி. "நல்ல வார்த்தையை ராகு காலத்துலயா எழுதறது? ஒன்றரைக்கு மேல எழுதுங்கோ. லென்ஸும் அதுவரைக்கும் பெட்டியிலயே இருக்கட்டும்."

தயாளன் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். ஒன்றரை மணிக்கு ஞாபகப்படுத்த ஓர் ஆள் வேண்டுமே.