தரையில் படக்கூடாத கால்

ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. காலில் சக்கரம் கட்டியவள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். இருபத்தேழு வயதில், பின்னால் வந்த வேன் மோதி விழுந்ததில் இடுப்பு மூட்டில் தொடை எலும்பு முறிந்தது.

"எலும்பு இன்னும் விலகல. உன் வயசுக்கு ஆபரேஷன் பண்ணி ஸ்க்ரூ போட்டுடுறதுதான் நல்லது," என்றார் டாக்டர்.

அவள் மசியவில்லை. முன்பு மயக்க ஊசி போட்டு ஆபரேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட அவளுடைய அம்மா, உயிரோடு வெளியே வரவில்லை. "ஒண்ணரை வயசுல பொண்ணு இருக்கு டாக்டர். கத்தி மட்டும் வேணாம்."

டாக்டர் அரைமனதாகச் சம்மதித்தார். "எட்டு வாரம் அந்தக் கால் தரையில படக்கூடாது. வாராவாரம் எக்ஸ்ரே எடுக்கணும். விலகிச்சுன்னா ஆபரேஷன்தான். அப்புறம் பழையபடி ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

கணவன் லாரி ஓட்டுபவன். வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருப்பான். மருந்துக்கடையில் வேலை செய்த தங்கை லீவு போட்டுவிட்டு வந்தாள். "மகாராணி, பெட்பேன் தயார்!" என்று அவள் அறிவிக்கும்போது அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். நான்கு எக்ஸ்ரேயிலும் எலும்பு நகரவில்லை.

ஐந்தாம் வாரம் ஒரு மதியம், திடீரென்று மழை. காயப்போட்ட துணியை எடுக்கத் தங்கை மொட்டைமாடிக்கு ஓடினாள். அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை முக்காலியை இழுத்துப்போட்டு ஏறுவது கட்டிலிலிருந்தே தெரிந்தது.

"வேணாம்டி! இறங்கு கண்ணு!"

குழந்தை சிரித்துக்கொண்டே பாத்திரத்துக்குக் கை நீட்டியது. அவள் எழுந்தாள். நாலே எட்டு. பிள்ளையை இழுத்து அணைத்தபோது இடுப்புக்குள் ஏதோ நழுவியது. இருவரும் தரையில் விழுந்தார்கள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்றே ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கணவன் வந்து கத்தினான். "உன்னை யாரு எழுந்திருக்கச் சொன்னது?"

தங்கை வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "படுத்துப் படுத்து வெறுத்துப்போச்சு. சும்மா நடந்து பார்த்தேன்."

விலகியதில் எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. ஒரு வருடத்துக்குள் மூட்டு நொறுங்கி, கால் குட்டையானது. இனி ஸ்கூட்டர் ஓட்ட முடியாது என்று ஆனது.

"மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்க்கா."

"சொன்னா என் கால் வளந்துடுமா? போடி, போய் வேலையைப் பாரு."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

முன்பெல்லாம் குழந்தை தூக்கச் சொல்லிக் கை நீட்டும். இப்போது, அம்மா ஊன்றுகோலைச் சாத்திவிட்டு மெல்ல உட்காரும்வரை, பக்கத்தில் பேசாமல் நிற்கப் பழகிவிட்டது.