கத்பர்ட் டாடின் மெழுகுக் கோட்டுக்கு இடது கை வைத்த கதை

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. செவியட் மலையில் பெய்யும் மழை மேல் சத்தியம். அந்த மழையை உள்ளே விடாத மெழுகுத் துணி மேலும் சத்தியம். குறைத்துச் சொன்ன இடம் ஒன்றிரண்டு இருக்கலாம். கூட்டிச் சொன்ன இடம் ஒன்றுகூடக் கிடையாது.

ஸ்கார்பர்ன் ஊரின் கடைசிச் சந்தில் திர்ஸா டெல்ஃபரின் பட்டறை இருக்கிறது. வாசலில் பலகை. ‘மெழுகுக் கோட்டு பழுது பார்க்கப்படும். எந்த நிலையிலும்.’ கடைசி இரண்டு சொற்களும் மற்றவற்றைவிடப் பெரிய எழுத்து. அவளே பெயின்ட் அடித்தது. முள்கம்பியில் கிழிந்தது, காளை முட்டியது, கணவன் மேல் கோபத்தில் மனைவி அடுப்பில் போட்டது என்று எல்லாம் அங்கே வந்து எழுந்து நடந்து போயிருக்கின்றன. திர்ஸா முடியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது என்றுதான் ஊரில் நினைத்திருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஆடு மேய்க்கும் கத்பர்ட் டாட் ஒரு தீவனச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய நாய் மெக் எப்போதும் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். அன்றைக்குச் சந்தின் அந்தக் கோடியிலேயே உட்கார்ந்துவிட்டது.

“திர்ஸா, இதைப் பாரு. பாத்துட்டு மயக்கம் போட்டு விழுந்துடாத.”

சாக்கை மேஜையில் கவிழ்த்தார். வெந்த கீரை மாதிரி ஒன்று வழிந்து விழுந்தது. திர்ஸா அதை விரலால் தூக்கிப் பார்த்தாள். காலரை வைத்துத்தான் அது கோட்டு என்றே தெரிந்தது.

“இடது கை எங்கய்யா?”

“மெஷினுக்குள்ள.”

“எந்த மெஷினு?”

“வாஷிங் மெஷினு. அதுவும் போயிடுச்சு. கோட்டு சும்மா விடுமா? கதவைப் பிச்சுக்கிட்டுல்ல வெளிய வந்துச்சு.”

திர்ஸா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “யாரு பண்ண வேலை?”

“மாப்பிள்ளை.”

அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. கத்பர்டின் மகள் லண்டனில் கட்டிக்கொண்ட ஜூலியன் முதல் தடவையாக மாமனார் வீட்டில் ஒரு வாரம் தங்க வந்திருந்தான். நல்ல பையன். கை சும்மா இருக்காது. மாமனார் குளிக்கப் போன நேரத்தில், கதவோரம் நின்றுகொண்டிருந்த கோட்டைத் துவைக்கப் போட்டுவிட்டான்.

நின்றுகொண்டிருந்த கோட்டு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். கத்பர்டின் கோட்டை யாரும் ஆணியில் மாட்டியதில்லை. கழற்றி விட்டால் அதுவே நிற்கும். புதிதாக வந்த தபால்காரர் ஒரு மழைக்காலம் முழுக்க அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு, இந்த வீட்டுக்காரர் திமிர் பிடித்தவர் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கொதிக்கிற தண்ணி. ரெண்டு கரண்டி சோப்புத் தூளு,” என்றார் கத்பர்ட்.

“சோப்பா!”

“இன்னும் முடியல. வாசனையா இருக்கட்டும்னு லாவெண்டர் தைலம்.”

திர்ஸா கண்ணை மூடிக்கொண்டாள். மெழுகுக் கோட்டுக்கு ஈர ஸ்பாஞ்சும் பச்சைத் தண்ணீரும் போதும். சுடுதண்ணீர் பட்டால் மெழுகு இறங்கிவிடும். சோப்பு பட்டால் மறுபடி மெழுகு ஏறாது. ஸ்கார்பர்னில் ஞானஸ்நானம் முடிந்த குழந்தைக்கு அடுத்தபடி சொல்லித் தரும் பாடம் இது.

“மாப்பிள்ளையை என்ன சொன்ன?”

“என்ன சொல்றது? ‘ரொம்ப நன்றி மாப்ளே, பளிச்சுனு ஆயிடுச்சு’ன்னேன். வேற என்ன சொல்லட்டும், மக மூஞ்சியைப் பாக்க வேணாமா?” கத்பர்டின் குரல் இறங்கியது. “கோட்டு போனா போகுது திர்ஸா. மெக் என்கிட்ட வர மாட்டேங்குறா. வேற கோட்டுல போனா உர்ருங்குறா. கோட்டு இல்லாம போனா, யாரோ திருடன் நம்ம ஆளைக் கொன்னுட்டு அவர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்னு பாக்குறா. சனிக்கிழமை கண்காட்சி.”

கண்காட்சி என்றால், நாயை விட்டு ஆடுகளைப் பட்டியில் அடைக்கும் நாய்ப்போட்டி. நாய்ப்போட்டி என்றால் கத்பர்டும் ரால்ஃப் மில்பர்னும். மேட்டுப் பண்ணை ரால்ஃப் மழைக்கோட்டை மாற்றியதிலிருந்து ஆள் மாறிவிட்டவர். மெழுகுக் கோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் நைலான் கோட்டு ஒன்று வாங்கி, நடந்தால் சரக் சரக் என்று சத்தம் வரத் திரிந்துகொண்டிருந்தார்.

பேர் சொன்னதும் ஆளே சரக் சரக் என்று உள்ளே வந்துவிட்டார். சந்தில் நாய் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மோப்பம் பிடித்து வந்திருந்தார். மேஜை மேல் கிடந்ததைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“அடக்கம் எப்போ?”

“உன்னோடது முடிஞ்சப்புறம்,” என்றாள் திர்ஸா.

“ஏம்மா திர்ஸா, நான் சொன்னா கேக்க மாட்டீங்க. மெழுகு, டப்பா, துணின்னு எதுக்கு இந்தப் பாடு? என்னோடதைப் பாரு. அலசிப் போட்டா அரை மணியில காஞ்சிடும். ஏன் கத்பர்ட்டு, சனிக்கிழமை உன் நாயை யாரு கூப்பிடப் போறது? உன் மாப்பிள்ளையா?”

திர்ஸா எழுந்தாள். “ரால்ஃபு, வெளிய ஒரு பலகை இருக்கே, படிச்சியா?”

“படிச்சேன். கடைசி ரெண்டு வார்த்தையைக் கொஞ்சம் சின்னதா எழுதிருக்கலாம்.”

“சனிக்கிழமை இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு இவரு கூப்பிடுவாரு, மெக் வரும். வரலைன்னா அந்தப் பலகையை நானே கழட்டி உன் கையில குடுக்குறேன். உன் கோழிக்கூண்டுக்குக் கதவாப் போட்டுக்க.”

“எல்லாரும் கேட்டுக்கங்கப்பா!” என்றார் ரால்ஃப். அங்கே வேறு யாரும் இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலத்துக்குள் எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

திர்ஸா வேலையில் இறங்கினாள். முதலில் சோப்பு போக வேண்டும். கோட்டை ஓடையில் போட்டுக் கல்லை வைத்தாள். அன்று பிடிபட்ட மீன்களில் லாவெண்டர் வாசனை அடித்தது. ஊரில் இன்றைக்கும் சிலர் மீன் சாப்பிடுவதில்லை.

மறுநாள் கோட்டு காய்ந்ததும் கை. புதுத் துணியை அவள் தொட மாட்டாள். பழைய கோட்டில் புதுத் துணி வைத்தால் அது விறைத்துக்கொண்டு தனியாக நிற்கும், மழைக்குப் பயந்து சுருங்கும். பழசுக்குப் பழசுதான். அதற்கென்றே செத்த கோட்டுகளைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். கத்பர்டின் அளவுக்கு ஒரே ஒரு இடது கைதான் பொருந்தியது. அது ரால்ஃப் மில்பர்ன் தூக்கி எறிந்த கோட்டினுடையது. திர்ஸாவுக்கு அது தெரியும். கை கைதானே என்று பிரித்து எடுத்தாள்.

மெழுகுத் துணியில் ஊசி போட்ட ஓட்டை மூடவே மூடாது. புதிதாக ஒரு ஓட்டை போட்டால் அங்கே ஒரு சொட்டு மழை காத்துக்கொண்டிருக்கும். அதனால் பழைய தையல் ஓட்டையிலேயே ஊசியை விட்டு, பருத்தி நூலால் ஒவ்வொன்றாகத் தைத்தாள். பிறகு மெழுகு டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, துணியில் தொட்டு, தையல் ஓரங்களில் இரண்டு முறை, மற்ற இடத்தில் ஒரு முறை. காலரில் படக் கூடாது, பைக்குள் படக் கூடாது. ஹேர் ட்ரையரைக் காட்டக் காட்ட மெழுகு உள்ளே போய், வெந்த கீரை மெதுவாக நிறம் திரும்பியது. சோப்பு தின்ற துணியில் மெழுகு ஏறாதென்று கோட்டு செய்கிற கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது திர்ஸாவின் கோட்டுகளுக்குத் தெரியாது.

கடைசி ஹேர் ட்ரையர் சூடு பட்டதும் கோட்டு மேஜையிலிருந்து இறங்கி நின்றது.

“நிக்குது!” என்றார் கத்பர்ட். கண்ணில் தண்ணீர்.

“நிக்கிறது பெருசில்ல. நாத்தம் வேணும்,” என்றாள் திர்ஸா. “மாப்பிள்ளையைக் கூப்பிடு.”

ஜூலியன் பவ்யமாக வந்தான். “மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் பெருசில்ல தம்பி. இந்தக் கோட்டைப் போட்டுக்குங்க. அந்தக் கொட்டில்ல ஒரு கிடா நிக்குது பாருங்க, அதைக் கொஞ்சம் கட்டிப் பிடிச்சுக்குங்க.”

“கிடா முட்டுமா?”

“முட்டணும். அப்பத்தான் ஏறும்.”

வெள்ளிக்கிழமை பூராவும் மாப்பிள்ளை கிடாவைக் கட்டிப் பிடித்தான். சில சமயம் கிடா மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தது. கத்பர்ட் வேலியில் சாய்ந்து, பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டே, “அப்படித்தான் மாப்ளே! கையை விட்டுடாதீங்க மாப்ளே!” என்று மனம் நிறைந்து உற்சாகப்படுத்தினார். பிறகு கோட்டின் பைகளில் வைக்கோல், சணல் கயிறு, பாதி சப்பிய பெப்பர்மின்ட், அழுகின முள்ளங்கி எல்லாம் போட்டார்கள். திர்ஸா முகர்ந்து பார்த்தாள். இன்னும் ஒரு முள்ளங்கி என்றாள். மறுபடி முகர்ந்தாள். தும்மினாள்.

“சரியா வந்துருச்சு. போட்டுக்கிட்டுக் கூப்பிடு.”

கத்பர்ட் விசில் அடித்தார். சந்துக் கோடியிலிருந்து மெக் காற்றாகப் பறந்து வந்து, கோட்டை முகர்ந்து, மூன்று நாள் எங்கே போயிருந்தாய் என்பதுபோல் அவர் பூட்ஸை ஒரு கடி கடித்துவிட்டு, காலடியில் படுத்தது. வலது காலடியில். இடது பக்கம் வா என்றால் வரவில்லை. அந்தக் கையைப் பார்த்து மட்டும் பல்லைக் காட்டியது.

“இவ ஏன் இந்தப் பக்கம் வர மாட்டேங்குறா?”

“மெழுகு ஆறலை. காலையில சரியாயிடும்,” என்றாள் திர்ஸா. குரலில் ஒரு நூல் அளவுகூடச் சந்தேகம் இல்லை. மனசுக்குள் மட்டும் கொஞ்சம் இருந்தது.

சனிக்கிழமை மழை கொட்டியது. அதனால் கூட்டமும் அதிகம். ஊரே வேலியோரம் நின்றது. ரால்ஃப் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, நைலானில் மழை படபடக்க, தன் நாய் பென்னைக் காலடியில் படுக்க வைத்திருந்தார்.

“திர்ஸாம்மா, சுத்தியல் கொண்டு வந்துருக்கேன். பலகை கழட்ட.”

“கெட்டியாப் பிடிச்சுக்க. கால்ல போட்டுக்கப் போற,” என்றாள் அவள்.

கத்பர்ட் நடுவே போய் நின்றார். வலது கையால் சைகை காட்டினார். மெக் மலையேறி, ஆடுகளை வளைத்து, நூல் பிடித்த மாதிரி இறக்கிக்கொண்டு வந்தது. இனிப் பட்டியில் அடைக்க வேண்டியதுதான் பாக்கி. விதிப்படி, ஆடு மேய்ப்பவர் பட்டிக் கதவின் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் கோலை நீட்டி நிற்க வேண்டும். இடது கையில் கயிறு. அவர் அந்தக் கையை அகல விரித்தார். மெக் அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை. ஆடுகள் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டன. முன்னே நின்ற ஆடு ஒரு காலை எடுத்து வைத்தது. திர்ஸா வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது காற்று திரும்பியது.

வேலியோரம் படுத்திருந்த பென் மூக்கைத் தூக்கியது. ரால்ஃப் எத்தனையோ வருஷமாக அதற்குச் சாசேஜ் கொடுத்தது பழைய கோட்டின் இடது கைமடிப்பிலிருந்துதான். கொழுப்பு ஊறி ஊறி அந்தக் கை பாதி சாசேஜ் ஆகியிருந்தது. திர்ஸா அதன் மேல் மெழுகைப் பூசி, சூடு காட்டி, வாசனையை எழுப்பிவிட்டிருந்தாள். நைலான் வந்ததிலிருந்து எசமானைத் தேடிக்கொண்டிருந்த நாய், அதோ நிற்கிறார் என்று கண்டுகொண்டது.

“பென்! டேய் பென்! படு! படுடா!” ரால்ஃப் தொண்டை கிழியக் கத்தினார். நைலான் சரக் சரக் என்றது. பென் வேலியைத் தாண்டி, ஒரே ஓட்டமாகக் கத்பர்டின் இடது பக்கம் போய்ப் படுத்தது.

வலது கைக்கு மெக், இடது கைக்கு பென். கத்பர்ட் இரண்டு கையையும் அசைத்தார். ஆடுகள் புனலில் எண்ணெய் இறங்குவதுபோல் பட்டிக்குள் இறங்கின. கை இன்னும் அசைந்துகொண்டிருந்ததால் நாய்கள் நிறுத்தவில்லை. கேக் போட்டிக்கு வந்த பாதிரியார் மனைவியும், பேண்டு வாத்தியக்காரர்களும், நடுவர் ஹெட்லியும் உள்ளே போனார்கள். டிரம் மட்டும் வெளியே நின்றுவிட்டது.

“செல்லாது! அது என் நாய்!” என்று ரால்ஃப் ஓடி வந்தார்.

நடுவர் ஹெட்லி இரண்டு ஆடுகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார். “கத்பர்ட்டு இந்த நாயைக் கூப்பிட்டாரா?”

“இல்ல.”

“உன் நாயை நீ கட்டுப்பாட்டுல வெச்சிருந்தியா?”

ரால்ஃப் வாயைத் திறந்தார். மழைத் தண்ணீர்தான் உள்ளே போனது.

“அப்ப நீ ஆட்டத்துல இல்ல. கத்பர்ட்டு ஜெயிச்சாச்சு. யாராவது கதவைத் திறங்கப்பா, ஆடு என் சட்டையைத் திங்குது.”

“அந்தக் கை என்னோடது, திர்ஸா! திருப்பிக் குடு!”

“தூக்கிப் போட்டது நீ. தச்சது நான். வேணும்னா மீதிக் கோட்டு என்கிட்ட இருக்கு. அதுக்கும் ஒரு கை தேடித் தர்றேன். திங்கக்கிழமை வா,” என்றாள் திர்ஸா. “அந்த ஆரஞ்சை வெளியவே கழட்டி வெச்சுட்டு வா. என் கோட்டுங்க பயப்படும்.”

திங்கட்கிழமை காலை ரால்ஃப் சட்டையோடு, நனைந்துகொண்டு, பட்டறை வாசலில் நின்றார். பின்னால் பென் வரவில்லை; அது கத்பர்டின் இடது காலடியில் இருந்தது. திர்ஸா கொடியிலிருந்து கோட்டை எடுத்து, மெழுகு டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்தாள்.